பலிபீடத்தருகே ஒரு பெயர்

என் தாயின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அச்சிட வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. எழுதும் பழக்கமுள்ளவன் என்பதால் அப்பணி என்னிடம் வந்தது. இரவு நெடுநேரம் அமர்ந்து எழுதினேன். பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம், கடுஞ்சொல் அறியாத நாவினர் என்று சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. காலையில் அதைச் சின்னம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவின் ஒரே தங்கை அவர். கண்களை மூடியபடி முழுவதையும் கேட்டார். பின்பு, “நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி. ஆனா இதுல எங்க அக்காவைக் காணோமே” என்றார்.

சின்னம்மா கூறியது உண்மை. என் தாய்க்குக் கோபம் வரும். எங்கள் தந்தையின் முன்கோபத்திற்கு அஞ்சி அவர் விழுங்கிய சொற்கள் ஏராளம். விழுங்க முடியாமற்போனவை அடுக்களைப் பாத்திரங்களின் மேலும், சில வேளைகளில் பிள்ளைகளாகிய எங்கள் மேலும் இறங்கியதுண்டு. மூத்த மருமகளோடு இரண்டு ஆண்டுகள் முகங்கொடுத்துப் பேசாதிருந்தார். செபமாலை சொல்லாமல் ஓர் இரவும் படுக்கைக்குச் செல்லாதவரும் அதே தாய்தான். நோயுற்ற அயலார் வீட்டிற்குக் கஞ்சி கொண்டு சென்றவரும் அவரே. நான் எழுதிய அட்டையில் இந்தப் பெண் இல்லை. குறைகளை மட்டுமே மறைத்தேன் என்று எண்ணியிருந்தேன். குறைகளோடு சேர்த்துத் தாயையும் மறைத்துவிட்டேன்.

இறந்தவரைப் பற்றிக் குறை பேசலாகாது என்பது நம் மக்களிடையே வேரூன்றிய பண்பாடு. பதில் சொல்ல இயலாதவரைப் பழிப்பது கோழைத்தனம் என்னும் நல்லுணர்வே அதற்கு அடிப்படை. எனினும் பழிப்பது வேறு, உண்மை கூறுவது வேறு. பக்தியுள்ள மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்து மறைந்த ஒருவரை நினைவுகூரும்போது, அன்பு உண்மையை எவ்வளவு தூரம் மறைக்கலாம்? புகழ்வதுதான் நினைவுகூர்தலா? இவ்வினாக்களோடு நான் சென்று சேர்ந்த இடம், பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் தன் தாயை நினைவுகூர்ந்த ஒரு மகனின் நூல்.

மகன் எழுதிய நினைவு

புனித மோனிக்காவை நாம் அனைவரும் அறிவோம். வழிதவறிய மகனுக்காகக் கண்ணீர் சிந்தி அவனை இறைவனிடம் சேர்த்த தாய் அவர். ஆகஸ்டு 27-ஆம் நாள் அவருக்கும், மறுநாள் அவர் மகன் புனித அகுஸ்தினாருக்கும் விழா எடுக்கிறோம். ஆனால், நாம் அறிந்த மோனிக்கா பெரும்பாலும் படத்தில் உள்ள மோனிக்கா. கரங்களைக் குவித்து, விழிகளை வானோக்கி உயர்த்தியிருக்கும் அந்த உருவத்திற்கு எவ்விதக் கடந்தகாலமும் இருப்பதாகத் தோன்றாது. அகுஸ்தினார் எழுத்தில் நாம் காணும் மோனிக்கா வேறு.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டின் சூக் அஹ்ராஸ் நகரம் உரோமையர் காலத்தில் தகாஸ்தே எனப்பட்டது. அங்கேதான் மோனிக்கா மணவாழ்வு நடத்தினார். கணவர் பத்ரீசியுஸ் பெருஞ்செல்வர் அல்லர், நகரமன்ற உறுப்பினர், கிறிஸ்தவ மறையைச் சேராதவர். 354-ஆம் ஆண்டில் அகுஸ்தினார் பிறந்தார். நவீஜியுஸ் என்னும் இன்னொரு மகனும் ஒரு மகளும் இருந்தனர். 387-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தாறாம் வயதில், உரோமையின் துறைமுக நகராகிய ஒஸ்தியாவில் மோனிக்கா இறந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது அகுஸ்தினார் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். ‘ஒப்புதல்கள்’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட அந்நூலின் பதின்மூன்று பகுதிகளுள் ஒன்பதாவதில், தம் தாயின் வாழ்வையும் மறைவையும் விரிவாக நினைவுகூர்கிறார்.

அந்த நினைவு எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? தாயின் செபத்திலிருந்தோ கண்ணீரிலிருந்தோ அன்று. சிறுமியாக இருந்தபோது அவர் திருட்டுத்தனமாகத் திராட்சை மது குடித்த கதையிலிருந்து!

மோனிக்கா பிறந்த வீட்டில் முதிய பணிப்பெண் ஒருவர் பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்த்தார். உணவு வேளையிலன்றித் தண்ணீரும் குடிக்க விடமாட்டார். இன்று தண்ணீருக்கு அடங்காத வாய், நாளை கிடங்குச் சாவி கைக்கு வந்தால் மதுவுக்கு அடங்காது என்பது அவர் வாதம். இத்துணைக் கண்டிப்புக்கு நடுவிலும், பீப்பாயிலிருந்து மது எடுத்துவர அனுப்பப்பட்ட சிறுமி, விளையாட்டாக நுனி உதட்டில் சுவைக்கத் தொடங்கினாள். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கமாயிற்று. அதை நிறுத்தியது பெற்றோரின் அறிவுரை அன்று. உடன் சென்றுவந்த பணிப்பெண் ஒருத்தி, ஏதோ சண்டையில் அவளைக் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் தைத்தது. அன்றோடு பழக்கம் ஒழிந்தது. ஏசியவள் திருத்தும் நோக்கத்தோடு ஏசவில்லை, புண்படுத்தவே ஏசினாள். எனினும் இறைவன் அக்கடுஞ்சொல்லையும் மருந்தாக்கினார் என்று மகன் எழுதுகிறார்.

ஓர் ஆயர், மறைந்த தம் தாயைப் பற்றி இதனை எழுதத் துணிந்தது ஏன்? தாயின் நற்பண்புகளை அவருடைய சொந்த உடைமைகளாக அவர் கருதவில்லை என்பதே காரணம். அவை இறைவன் தந்த கொடைகள் என்கிறார். கொடையைப் போற்ற வேண்டுமானால், அது வந்துசேர்ந்த வெறுங்கையையும் காட்டியாக வேண்டும். பிறவியிலேயே குறையற்றவராகத் தாயைச் சித்திரிக்கும் மகன், அவரிடம் இறைவன் செய்த வேலையை அழித்துவிடுகிறான். போராடிப் பெற்ற பொறுமை, போராட்டத்தின் கதை மறைக்கப்பட்டால் வெறும் சுபாவமாகிவிடும். என் தாய் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்து பிறப்பு நாளில் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். பேசாதிருந்த ஆண்டுகளை நான் மறைத்தால், அந்த நடைக்கு என்ன பொருள்?

பொறுமையும் அநீதியும்

உண்மை பேச வேண்டும் என்னும் கடமை தாயின் குறைகளோடு முடிவதில்லை. தாய்க்கு நேர்ந்த அநீதிகளையும் அது தொடும். இங்கேதான் நம் நினைவஞ்சலிகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன.

பத்ரீசியுஸ் அன்பு மிக்கவர், ஆனால் கடுஞ்சினத்தர். மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. இரண்டையும் மகன் மறைக்கவில்லை. கணவரின் சினம் பொங்கும்போது மோனிக்கா எதிர்த்துப் பேசமாட்டார். அது தணிந்தபின், தம் பக்க நியாயத்தை அமைதியாக எடுத்துரைப்பார். ஊரில் மற்றப் பெண்கள், பத்ரீசியுசைவிடச் சாந்தமான கணவரை உடையவர்களும்கூட, முகத்தில் அடித்தழும்புகளோடு வந்து குறை கூறுவார்கள். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே அதை அடிமைச் சாசனமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்களிடம் மோனிக்கா பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் கூறுவாராம். சினங்கொண்ட கணவர் அவரை ஒரு நாளும் அடித்ததாகத் தெரியவில்லையே என்று அப்பெண்கள் வியப்பார்களாம்.

இப்பகுதியை வாசிக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. இதனை எத்தனை மறையுரைகள், எத்தனை குடும்ப அறிவுரைகள், அடி வாங்கும் பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று கூறப் பயன்படுத்தியிருக்கும்! ஒரு தாயின் பொறுமையைப் போற்றுவதற்கும், அவரைப் பொறுக்கவைத்த கொடுமையை ஏற்பதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. அதனைக் கடந்துவிட்டால், இறந்தவரைப் புகழும் சொல் உயிரோடிருப்பவரைக் கட்டும் கயிறாகிவிடும்.

மனைவி மீது கணவனுக்கு இருந்த அதிகாரத்தை அன்றைய உரோமைச் சமுதாயம் கேள்விக்குள்ளாக்கவில்லை. அவ்வுலகில் மோனிக்கா தமக்குக் கிடைத்த வழியில் வாழ்ந்தார். அது அவருடைய ஞானம். எல்லாக் காலத்துக்கும் எல்லாப் பெண்களுக்கும் இறைவன் விதித்த சட்டம் அன்று. 2016-இல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், பெண்களுக்கு எதிரான குடும்ப வன்முறையை வன்மையாகக் கண்டித்தார். வன்முறைக்கும் கொடுமைக்கும் ஆளாகும் மனைவியையோ பிள்ளைகளையோ காப்பதற்காகக் கணவனைப் பிரிந்து வாழ்வது சில சூழல்களில் அறநெறிப்படி தேவையாகவும் ஆகலாம் என்பதையும் அவ்வுரை ஏற்கிறது. நம் நாட்டிலும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. எனவே, மோனிக்காவின் பெயரால் ஒரு பெண்ணை அடிக்கு அடங்கியிருக்கச் சொல்வோர் திருச்சபையின் குரலில் பேசவில்லை.

மேலும், மோனிக்காவின் பொறுமையை வாய்மூடிய அடக்கமாகக் காண்பதும் பிழை. தம் பிள்ளைக்குப் பத்ரீசியுசைவிட இறைவனே தந்தையாக இருக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டதாக மகன் எழுதுகிறார். மானிக்கேயக் கொள்கையைத் தழுவித் திரும்பிய மகனைத் தம் வீட்டில் தங்கவும் தம் மேசையில் உண்ணவும் முதலில் அவர் அனுமதிக்கவில்லை. மகனோடு பேசும்படி ஆயர் ஒருவரை அவர் சலித்துக்கொள்ளும்வரை வேண்டினார். இத்தகைய கண்ணீருக்கு உரிய பிள்ளை அழிந்துபோக முடியாது என்று அந்த ஆயர் சொல்லி அனுப்பிய பின்னரே ஆறுதல் அடைந்தார். மகன் சென்ற இடத்திற்கெல்லாம் கடல் கடந்தும் தொடர்ந்தார். அடங்கிய பெண்ணின் வரலாறு இதுவன்று.

பெயரில்லாத இன்னொரு பெண்

மோனிக்காவின் வாழ்வில் நாம் எளிதில் கடந்து செல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அகுஸ்தினார் திருமணமின்றி ஒரு பெண்ணோடு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். மிலான் நகரில் அகுஸ்தினாருக்குத் தகுதியான குடும்பத்தில் மணம் முடிக்க முயற்சி நடந்தது. அதில் முன்னின்றவர் மோனிக்கா. பேசி முடித்த சிறுமிக்குச் சட்டப்படி மணம்புரியும் வயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அம்மணத்திற்குத் தடை என்று அந்தப் பெண் அகற்றப்பட்டு ஆப்பிரிக்காவிற்குத் திரும்பினார். வேறோர் ஆணை இனி அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டு, மகனைத் தந்தையிடம் விட்டுச் சென்றார். அவர் பெயரை அகுஸ்தினார் எங்கும் எழுதவில்லை. ஆனால், அப்பிரிவில் தம் இதயம் கிழிந்து குருதி சிந்தியதை எழுதியிருக்கிறார்.

இங்கே தாயை அவர் குற்றஞ்சாட்டவில்லை, மறைக்கவும் இல்லை. மகனை ஒழுங்கான வாழ்வில் நிலைநிறுத்த விரும்பிய தாயின் நன்னோக்கமும், இன்னொரு தாய் தன் பிள்ளையை விட்டுக் கப்பலேறிய துயரமும் அருகருகே நிற்கின்றன. புனிதர்களின் அன்பும் சில வேளைகளில் கண்மூடிச் செயற்படும். அதனாலும் யாரோ ஒருவர் அழுவார். தாயை நினைவுகூர்வோர் அந்தக் கண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேசப்படாதிருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் என் அண்ணியார் எவ்வளவு அழுதிருப்பார் என்பதை, அம்மாவின் அடக்கம் முடிந்த பின்னரே நான் நினைத்துப் பார்த்தேன்.

இறுதி நாட்கள்

386-இல் அகுஸ்தினார் மனந்திரும்பினார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் மிலான் ஆயர் அம்புரோஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். தாயும் பிள்ளைகளும் தாயகம் திரும்பப் புறப்பட்டு ஒஸ்தியாவில் தங்கினர். அங்கே, தோட்டத்தை நோக்கிய ஒரு சாளரத்தருகே தாயும் மகனும் நின்று விண்ணக வாழ்வைப் பற்றி உரையாடினர். அதன்பின் சில நாட்களில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது.

அந்நோயின்போது, மகன் செய்த சிறு பணிவிடைகளைக் கண்ட தாய், நீ பாசமுள்ள பிள்ளை, உன் வாயிலிருந்து எனக்கெதிராக ஒரு கடுஞ்சொல்லும் நான் கேட்டதில்லை என்று மகிழ்ந்து கூறினாராம். இதே மகன்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன், 383-இல், கார்த்தேஜ் கடற்கரையில் தாயிடம் பொய் கூறினார். அவரைப் புனித சிப்பிரியான் நினைவிடத்தில் செபிக்க விட்டுவிட்டு இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறினார். அப்பொய்யையும் தம் நூலில் எழுதியவர் அவரே. தாய் சொன்ன பாராட்டை எழுதிவிட்டு, எனக்கு அவர் செய்ததற்கு நான் செய்தது ஈடாகுமா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். தாய் மன்னித்து மறந்ததைப் பிள்ளை மறக்கக் கூடாது என்பது அவர் கற்பிக்கும் பாடம்.

தாய் இறந்தபோது அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டார். நம்பிக்கையில் இறந்தவருக்காகப் புலம்புவது தகாது என்று எண்ணினார். சிறுவன் அதெயோதாத்துஸ் கதறியபோது அவனையும் அமைதிப்படுத்தினர். நண்பர் எவோதியுஸ் திருப்பாடலைத் தொடங்க, வீட்டார் அனைவரும் இணைந்து பாடினர். துயரம் கழுவப்படும் என்று நம்பி அகுஸ்தினார் குளித்துப் பார்த்தார், பயனில்லை. உறங்கி எழுந்தபின், படுக்கையில் தனித்திருந்தபோதுதான் இறைவன் திருமுன் மனம் உடைந்து சிறிது நேரம் அழுதார். அதைப் பாவமென்று கருதுவோர் ஏளனம் செய்யாமல் எனக்காக அழட்டும் என்று எழுதினார். இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே கண்ணீர் விட்டார் அன்றோ! உயிர்ப்பில் நம்பிக்கை இருப்பதால் பிரிவு வலிக்காது என்று எவரும் நமக்கு வாக்களிக்கவில்லை.

கல்லறையா, பலிபீடமா?

மோனிக்காவிற்கு நெடுங்காலமாக ஓர் ஆசை இருந்தது. தாயகத்தில், கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று கல்லறையையும் ஆயத்தம் செய்துவைத்திருந்தார். சாகும் தறுவாயில், அயல்நாட்டில் இறப்பதைவிடத் தாயகத்தில் இறப்பது நல்லது என்று மகன் நவீஜியுஸ் ஆறுதலாக ஏதோ கூறினார். தாய் அவரைக் கண்டிப்போடு நோக்கினார். இவ்வுடலை எங்கேனும் புதையுங்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தருகே என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் கேட்டது.

புகழை அவர் கேட்கவில்லை, செபத்தைக் கேட்டார். குறையற்றவருக்குச் செபம் எதற்கு? மகனும் இதனைப் புரிந்துகொண்டார். திருமுழுக்குப் பெற்ற நாள் முதல் இறைவனின் கட்டளைக்கு மாறான ஒரு சொல்லும் தம் தாயின் வாயிலிருந்து வந்ததில்லை என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை என்றே எழுதினார். தாயின் நற்செயல்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவருடைய பாவங்களுக்காக இறைவனிடம் மன்றாடினார். கடுஞ்சொல் அறியாத நாவினர் என்று அட்டையில் எழுதிய நான், இந்த இடத்தில் தலைகுனிந்தேன். என் தாய்க்குத் தேவைப்பட்ட ஒரே உதவியை என் புகழுரை மறுத்திருந்தது.

தாயைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதிய அகுஸ்தினார், அந்நூல் முழுவதிலும் மோனிக்கா என்னும் பெயரை ஒரே ஒரு முறைதான் எழுதுகிறார். மற்ற இடங்களிலெல்லாம் ‘தாய்’ என்றே குறிப்பிடுகிறார். ஒன்பதாம் பகுதியின் இறுதியில், இதை வாசிப்போர் இறைவனின் பலிபீடத்தருகே மோனிக்காவையும் அவர் கணவர் பத்ரீசியுசையும் நினைவுகூர வேண்டும் என்று வேண்டும்போது மட்டும் அப்பெயர் வருகிறது. சினங்கொண்ட, தவறிய, ஆனால் இறப்பதற்குமுன் திருமுழுக்குப் பெற்ற கணவரின் பெயரும் உடன் வருகிறது. பத்ரீசியுசின் தவறுகளை மறைக்காமல் எழுதிய மகன்தான் அவருக்காக மன்னிப்பும் கேட்கிறார். மறைத்திருந்தால், மன்னிப்பு கேட்க அங்கே எதுவும் இருந்திராது.

1945-இல் ஒஸ்தியாவின் புனித அவுரேயா கோயிலருகே, விளையாட்டுக்கான கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள் பழங்கல் ஒன்றைக் கண்டெடுத்தனர். அது மோனிக்காவின் கல்லறைக் கவிதை பொறித்த பலகையின் உடைந்த பகுதி. அக்கவிதை அகுஸ்தினாரைப் பெயர் சொல்லி விளிக்கிறது. தாயைத் தாய் என்று மட்டுமே கூறுகிறது. கல்லில் வராத அவர் பெயர், மகனின் மன்றாட்டில் நிலைத்துவிட்டது. நம் இல்லங்களிலும் இன்னாருடைய அம்மா, இன்னாருடைய மனைவி என்றே வாழ்ந்து முடிந்த பெண்கள் எத்தனை பேர்! திருப்பலிக் கருத்தில் குருவானவர் வாசிக்கும்போதுதான் அவர்களுடைய திருமுழுக்குப் பெயரைப் பலர் முதன்முறையாகக் கேட்கிறோம்.

அன்பு வாசகரே, தாயைப் புகழாதீர் என்று நான் கூறவில்லை. உண்மையான தாயைப் புகழ்வோம். அவர் வென்ற குறைகளையும், வெல்லாத குறைகளையும், அவர் தாங்கிய அநீதிகளையும், அவரால் அழுதவர்களையும் மறவாமல் புகழ்வோம். அவர் தாங்கியதை நம் மகளும் மருமகளும் தாங்க வேண்டாதபடி நம் இல்லங்களைத் திருத்துவோம். பின்னர் எல்லாவற்றையும் சேர்த்துப் பலிபீடத்தில் வைப்போம்.

அந்த அட்டையை நான் மீண்டும் எழுதினேன். அம்மாவின் முழுப்பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அவருக்காகவும் முன்னரே மறைந்த எங்கள் தந்தைக்காகவும் செபிக்குமாறு ஒரு வேண்டுகோள், அவ்வளவே. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் சின்னம்மா அதை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பெயரின் மேல் விரலை வைத்தார். பின்பு ஒன்றும் சொல்லாமல் தம் செபப்புத்தகத்திற்குள் வைத்துக்கொண்டார்.